கிணற்றுக்குப் போகும் மூன்றடிப் பாதை

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டை, கூரையைக் கழற்றி வைத்துவிட்டு மேலிருந்து ஒரு காக்கா பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி ஒரு படம் போடுங்கள். வாசல் இங்கே, ஹால் இங்கே, அடுப்படி இங்கே, பாத்ரூம் அங்கே. கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை. இரண்டு நிமிஷம்தான்.

ஆயிற்றா? இப்போது அதே படத்தைக் கம்ப்யூட்டரில் போடுங்கள்.

இங்கேதான் உங்களில் பாதிப் பேர் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவீர்கள். நானும் அப்படிப் போனவன்தான். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரில் கட்டுரை அடிக்கிறேன், கணக்குப் போடுகிறேன். ஆனால் நாலு கட்டம் போட்டு நடுவில் ஒரு அம்புக்குறி இழு என்றால் கை உதறும். சோழபுரத்து வீட்டுப் பாகப்பிரிவினை வராமல் இருந்திருந்தால் கடைசிவரை இப்படியே ஓட்டியிருப்பேன்.

சோழபுரம் ராஜபாளையத்துப் பக்கம். பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் போக வேண்டும். அங்கே தாத்தா கட்டிய வீடு. தெருப்பக்கம் 30 அடி, உள்ளே 72 அடி. பெருக்கினால் 2,160 சதுர அடி, ஐந்து சென்ட்டுக்குக் கொஞ்சூண்டு குறைவு (பி.காம். படித்தவனுக்கு இது மட்டும் உடனே வந்துவிடும்). திண்ணை, பட்டாசாலை, முற்றம், அடுப்படி, பின்னால் கிணறு. பங்குதாரர்கள் மூன்று பேர். தெருப்பக்கம் பெரியப்பா மகனுக்கு, அதாவது அண்ணனுக்கு. நடுக்கட்டு அத்தைக்கு. பின்கட்டு எனக்கு. வாசலில் இருந்து கிணறு வரைக்கும் தெற்குச் சுவரை ஒட்டி மூன்றடிப் பொதுப் பாதை. வாய்ப்பேச்சில் எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது.

"படம் ஒண்ணு போட்டுக் குடுத்திருங்க, பத்திரத்தோட சேர்த்துக்கிடலாம்" என்றார் பத்திர எழுத்தர்.

அண்ணன் மகன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். "இதெல்லாம் ஒரு வேலையா சித்தப்பா" என்று லேப்டாப்பைத் திறந்து, எம்.எஸ். பெயின்ட்டில் பத்தே நிமிஷத்தில் போட்டுவிட்டான். நன்றாகவே இருந்தது. அண்ணன் பங்கு மஞ்சள், அத்தை பங்கு பச்சை, என் பங்கு சிவப்பு.

அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "ஏய்யா, மாடிப்படியத் தெக்குப் பக்கம் போட்டா நான் எப்படி நடக்குறது? வடக்க தள்ளு."

நியாயமான பேச்சு. பையன் மாடிப்படியைச் சுற்றி ஒரு சதுரம் போட்டுப் பிடித்தான், வடக்கே இழுத்தான். படி வந்தது. கூடவே பாதைக் கோட்டில் ஒரு துண்டும் வந்தது. படி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை. அதை மூடப் புதுசாகக் கோடு இழுத்தான். இழுத்த கோடு கொஞ்சம் தெற்கே ஒதுங்கிவிட்டது. "3 அடி" என்ற எழுத்து அதன் மேல் ஏறிக்கொண்டது. அழித்து எழுதினான். எழுதியதை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினான். நான் அதைப் பத்திர எழுத்தருக்கு அனுப்பினேன். அவர் பிரின்ட் எடுத்தபோது 3 பார்ப்பதற்கு 8 மாதிரி இருந்தது. பாதையின் அகலமோ, பக்கத்தில் உள்ள சுவரோடு ஒப்பிட்டால் இரண்டடிகூடத் தேறாது.

"நம்பர்தானே முக்கியம்? அதைப் பேனாவுல திருத்திக்கிடலாம்" என்றார் அண்ணன்.

பத்திர எழுத்தர் தலையாட்டவில்லை. "படமும் நம்பரும் ஒத்துப் போகணும் சார். இன்னைக்கு நீங்க மூணு பேரும் ஒத்துமையா இருக்கீங்க. நாளப்பின்ன உங்க புள்ளைக சண்டை போட்டா, இந்தப் படத்தைத்தான் விரிச்சு வச்சுப் பேசும்."

அத்தை கேட்டதுதான் எனக்குத் தைத்தது. "குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு நான் நேரா நடக்கணும்யா. பக்கவாட்டுலயா நடக்க முடியும்?"

அன்றைக்கு ராத்திரி பொதிகையில் திரும்பும்போது முடிவு செய்தேன். சாதாரண ஆசாமி சாதாரணப் படம் போட எது லாயக்கு என்று பார்த்துவிடுவது. பரீட்சை ஒன்றே ஒன்று. சோழபுரத்து வீட்டை ஒவ்வொரு மென்பொருளிலும் போட வேண்டும். போட்ட பிறகு ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டு, மறுநாள் திறந்து மாடிப்படியை வடக்கே தள்ள வேண்டும். "சுலபம்" என்று எல்லாக் கம்பெனிக்காரனும்தான் சொல்கிறான். அவன் சொல்வது முதல் நாள் சுலபம். எனக்கு வேண்டியது இரண்டாம் நாள் சுலபம்.

முதலில் பெயின்ட். அதைத் திட்டினால் எனக்குப் பாவம் பிடிக்கும். 1985-ல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்த பெயின்ட் இல்லாவிட்டால், நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறை மவுஸ் பிடிக்கவே பழகியிருக்காது. 2017-ல் மைக்ரோசாஃப்ட் அதை ஓரங்கட்டப்போவதாகச் சொன்னதும் உலகம் முழுக்க ஒப்பாரி கிளம்பி, பிறகு "இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். ஸ்பெயினில் வாலென்சியா நகரத்தில் கொன்ச்சா கார்சியா சாயெரா என்றொரு பாட்டி பெயின்ட்டிலேயே மலையும் வீடும் பூவுமாக வரைந்து, 2018-ல் எண்பத்தேழு வயதில் இன்ஸ்டாகிராமில் பிரபலமானார். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பெயின்ட்டில் மூன்று தப்புக்கு மேல் மன்னிப்பு கிடையாது, மூன்று தடவைதான் பின்னால் போகலாம். அதெல்லாம் பழைய கதை. விண்டோஸ் 7-ல் அது ஐம்பதானது. 2023-ல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் லேயர் வசதியும் வந்துவிட்டது.

ஆனாலும் அடிப்படை மாறவில்லை. பெயின்ட்டில் நீங்கள் கோடு போட்டால், போட்ட மறுகணமே அது கோடு என்பதைப் பெயின்ட் மறந்துவிடும். வரிசையாகச் சில புள்ளிகள் கறுப்பாக இருக்கின்றன என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். "3 அடி" என்று எழுதிவிட்டு வெளியே ஒரு கிளிக் செய்தால், அதுவும் புள்ளிகளாகக் காய்ந்துவிடும். மாடிப்படியை நகர்த்து என்றால், மாடிப்படியா, அது யார் என்று கேட்கும்.

அத்தை தினமும் விடிகாலையில் வாசலில் போடும் புள்ளிக்கோலத்தைப் பார்த்தபோது இது எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. புள்ளி வைத்து, அதைச் சுற்றிக் கோடு இழுத்து, அழிக்காமல், திருத்தாமல் ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். புள்ளிதான் அவளுக்குக் கட்டம் போட்ட தாள். (இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தாம்பரம் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்துக்குள் இருக்கும் இலக்கணத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதி 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.) ஆனால் கோலத்துக்கு இரண்டாம் நாள் கிடையாது. மறுநாள் தண்ணீர் தெளித்து, பெருக்கிவிட்டு, புதுக்கோலம். பெயின்ட்டும் அப்படித்தான். ஒரு படத்தை வெட்டுவது, ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு வட்டம் போட்டு "இங்கே அமுக்கவும்" என்று அப்பாவுக்கு அனுப்புவது, இந்த மாதிரி ஒரு நாள் காரியங்களுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாகப்பிரிவினை கோலம் இல்லையே!

போட்ட கோட்டைக் கோடாகவே ஞாபகம் வைத்திருக்கும் இன்னொரு ஜாதி மென்பொருள் உண்டு. இது ஒன்றும் புதுசு இல்லை. 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் ஸ்கெட்ச்பேட் என்று ஒன்றைச் செய்தார். திரையில் ஒளிப்பேனாவால் வரையலாம். வரைந்தது ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருள், பிடித்து இழுக்கலாம். ஒரு மூலப் படத்தைப் போட்டு அதிலிருந்து பல நகல் எடுத்தால், மூலத்தில் செய்யும் மாற்றம் எல்லா நகலிலும் தானாக வரும். 1984-ல் ஆப்பிள் கம்பெனி மெக்கின்டாஷோடு மேக்பெயின்ட், மேக்டிரா என்று இரண்டாகவே பிரித்துக் கொடுத்தது. முன்னது புள்ளிக்கு, பின்னது பொருளுக்கு. இந்த வித்தியாசத்தை அந்தக் காலத்திலேயே இரண்டு பெயராக வைத்துச் சொல்லிவிட்டார்கள். நாம்தான் பெயின்ட்டோடு நின்றுவிட்டோம்.

உதாரணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தைப் போட வேண்டும் என்று வையுங்கள். பதினோரு நிலை. பெயின்ட்டில் பதினோரு தடவை மாரடிக்க வேண்டும். இங்க்ஸ்கேப் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, 2003-ல் இருந்து வருகிறது. அதில் ஒரு நிலையை மட்டும் போட்டு, "குளோன்" என்ற வகை நகலாகப் பத்து எடுத்து, சின்னதாக்கி மேலே மேலே அடுக்கலாம். மறுநாள் முதல் நிலையில் ஒரு ஜன்னலைத் திருத்தினால் பதினொன்றிலும் ஜன்னல் திருந்தியிருக்கும். சதர்லாண்டின் யோசனைதான். எனக்கு வாயடைத்துவிட்டது.

ஆனால் இங்க்ஸ்கேப்பில் நம் வீட்டைப் போட்டபோது அவ்வளவு சந்தோஷம் இல்லை. அது படம் வரைகிறவர்களுக்கான பட்டறை. சுத்தியல், உளி, இழைப்புளி எல்லாம் சுவர் முழுக்கத் தொங்குகின்றன. எனக்குத் தேவை ஒரு ஸ்கேலும் பென்சிலும்.

கோரல் டிராவும் அப்படித்தான். 1989-ல் வந்தது. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சி ஃபிளெக்ஸ் எல்லாவற்றையும் பல வருஷமாகத் தூக்கிச் சுமக்கிற புண்ணியவான். பக்கத்திலேயே சிவகாசி. கேட்கவா வேண்டும்? ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த டி.டி.பி. ஆபரேட்டர் ஒருவர், நான் வாயால் சொல்லச் சொல்லவே என் வீட்டைக் கோரலில் போட்டு முடித்துவிட்டார். அழகு! ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் திறக்கவில்லை. என்னிடம் கோரல் இல்லை. காசு கொடுத்து வாங்கினால் மாடிப்படிச் செலவில் கால்வாசி ஆகிவிடும், திருட்டுக் காப்பி போட்டுக்கொள்ளச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் "அடுப்படி" என்று இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் கொக்கியுமாக ஏதோ இருந்தது. அவர் யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது தமிழே இல்லை. ஆபரேட்டர் கைதேர்ந்தவர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாம் நாள் அத்தை ஏதாவது சொன்னால், மறுபடி அவர் கடைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

வேர்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதில் படம் போட்டவர்களுக்குத் தெரியும். மேலே ஒரு என்டர் தட்டினால் அடுப்படி தனியாக அடுத்த பக்கத்துக்குக் குடிபோய்விடும். பவர்பாயின்ட் எவ்வளவோ தேவலை. கட்டம் நின்ற இடத்தில் நிற்கிறது, அம்பு கட்டத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது, பள்ளிக்கூட வாத்தியார் முதல் பேங்க் மேனேஜர் வரை எல்லோரிடமும் இருக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே இருப்பது பவர்பாயின்ட்தான், புதுசாக ஒன்றையும் இறக்க மனசில்லை என்றால், அதிலேயே போடுங்கள். நான் குறை சொல்ல மாட்டேன்.

என் சொந்த பாஷையான எக்ஸெல்லை விடுவேனா? கட்டத்தின் அகலத்தைக் குறைத்துச் சதுரமாக்கி, ஒரு கட்டம் ஒரு அடி என்று வைத்துக்கொண்டேன். குறுக்கே 30, நெடுக்கே 72. சுவருக்குத் தடித்த பார்டர். பாதை மூன்று கட்டம். எண்ணிப் பார்க்கலாம், ஏமாற்ற முடியாது! ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, "வீட்டை பேலன்ஸ் ஷீட் ஆக்கிட்டியேடா" என்றான். சிரிக்கட்டும். ஜப்பானில் தத்சுவோ ஹொரியுச்சி என்ற முதியவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தனியாக வரைகலை மென்பொருள் வாங்கக் காசு செலவழிக்க விரும்பாமல், எக்ஸெல்லிலேயே செர்ரி மரமும் மலையுமாக ஓவியம் தீட்டிப் பேர் வாங்கியிருக்கிறார். நான் ஒரு மாடிப்படிதானே போட்டேன். ஆனால் சாய்ந்த சுவர் வந்தால் எக்ஸெல் கைவிரித்துவிடும். எங்கள் கிணற்று மேட்டுச் சுவர் கொஞ்சம் சாய்வு. அங்கே தோற்றேன்.

இப்போது கம்ப்யூட்டரிடம் பேசினாலே படம் போட்டுக் கொடுக்கும் ஏ.ஐ. வந்துவிட்டதே என்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். அளவு, திசை எல்லாம் சொன்னேன். பத்து விநாடியில் ஒரு வீடு வந்தது. ஓட்டுக் கூரையும் முற்றத்தில் துளசி மாடமுமாக, பார்த்தால் உடனே குடியேறலாம் போல இருந்தது. பாதையைக் காணோம், கிணறு இரண்டு இருந்தது. மாடிப்படியை நகர்த்து என்றதும் வேறு ஒரு வீட்டைக் கொடுத்தது.

சுவரை மேலே இழுத்தால் அப்படியே எழும்புகிற ஸ்கெட்ச்அப்பில் அத்தைக்கு வீட்டை முப்பரிமாணத்தில் காட்டினேன். ரொம்ப ரசித்தாள். "இதுல ஏறிப் போக முடியுமாய்யா?" என்றாள். வீடு கட்டுகிறவர்கள் பழகிக்கொள்ளலாம். பங்கு பிரிக்க அது தேவையில்லை.

மிச்சம் இருப்பது மூன்று. மூன்றும் காசு கேட்காதவை.

டிரா.ஐ.ஓ. என்று ஒன்று. பிரவுசரிலேயே திறக்கும், பேர், போன் நம்பர் எதுவும் கேட்காது, போட்ட படம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். இன்டர்நெட் இல்லாமல் ஓடுகிற பதிப்பும் உண்டு. கட்டமும் அம்புமாகப் போடும் படங்களுக்கு இதை விட்டால் வேறு வேண்டாம் என்பேன். தளவாய்புரத்தில் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி நைட்டி தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்திருக்கிறாள் (தளவாய்புரம் நைட்டிக்குப் பேர் போன ஊர், தெரிந்திருக்கும்). துணி வந்ததில் இருந்து கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் வரை எது யார் கையில் போகிறது என்று சுவரில் ஒட்ட ஒரு படம் வேண்டும் என்றாள். முக்கால் மணி நேரத்தில் அவளே போட்டாள். அடுத்த வாரம் செக்கிங்கை அயர்னிங்குக்குப் பிறகு மாற்ற வேண்டி வந்தது. கட்டத்தைப் பிடித்து இழுத்தாள். அம்பெல்லாம் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தன.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. படத்தை பி.என்.ஜி. ஃபைலாக வெளியே எடுக்கும்போது, "மூலப் படத்தின் நகலையும் உள்ளே வை" என்று ஒரு கட்டத்தை டிக் செய்துவிட்டால் போதும். பார்ப்பவர்களுக்கு அது சாதாரணப் படம். ஆனால் அதே படத்தை டிரா.ஐ.ஓ.வில் திறந்தால், கட்டமும் அம்பும் உயிரோடு எழுந்து நிற்கும், திருத்தலாம். (வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் அது நசுக்கி, உள்ளே இருப்பதைக் கொன்றுவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.)

வீட்டு வரைபடத்துக்கென்று தனியாக ஒரு வடிவத் தொகுப்பும் அதில் இருக்கிறது. கதவு, ஜன்னல், சோஃபா, இரட்டைக் கட்டில், குளியல் தொட்டி. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். திண்ணை இல்லை. முற்றம் இல்லை. அம்மி, உரல் கிடையாது. கிணறு வேண்டும் என்றால் வட்டம்தான் போட வேண்டும். எங்கோ அப்பார்ட்மென்ட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் செய்தது என்று புரிகிறது. ஆனால் பரவாயில்லை, நாமே ஒரு வடிவத்தைப் போட்டு "ஸ்கிராட்ச்பேட்" என்ற பெட்டியில் வைத்துக்கொண்டால், அடுத்த தடவை இழுத்துப் போடலாம். நான் திண்ணைக்கும் கிணற்றுக்கும் செய்து வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, எக்ஸ்கேலிடிரா. 2020-ல் வந்தது. கோடு வேண்டுமென்றே கைநடுக்கத்தோடு, பேப்பரில் கிறுக்கின மாதிரி வரும். அது பெரிய சௌகரியம் என்பது போகப் போகத்தான் தெரியும். நேர்க்கோட்டில் அச்சடித்த மாதிரி இருக்கும் படத்தைப் பார்த்தால், "முடிவு பண்ணிட்டாங்க போல" என்று எதிராளி வாயை மூடிக்கொள்வார். கிறுக்கலைப் பார்த்தால் கருத்துச் சொல்லத் தோன்றும். அண்ணனோடு போனில் பேசிக்கொண்டே, இரண்டு பேரும் ஒரே படத்தில் கை வைத்துப் பேச இதுதான் உதவியது. குறை ஒன்று. ஆங்கிலம் கையெழுத்து மாதிரி வருகிறது. தமிழில் அடித்தால் சாதாரண எழுத்துருவில் விறைப்பாக வந்து உட்காருகிறது. கிறுக்கல் கூட்டத்தில் ஒருத்தர் மட்டும் டை கட்டி வந்த மாதிரி.

மூன்றாவதுதான் சோழபுரத்து வீட்டைக் காப்பாற்றியது. லிப்ரே ஆபீஸ் டிரா. பேரைக் கேட்டிருப்பீர்கள், வேர்டுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் ஆபீஸ் தொகுப்பில் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. யாரும் சீண்டுவதில்லை. பார்க்கவும் சுமார்தான், சர்க்கார் ஆபீஸ் பச்சை பெஞ்சு மாதிரி. ஆனால் அதன் செட்டிங்ஸுக்குள் போனால் "ஸ்கேல்" என்று ஒரு இடம். அங்கே 1:100 என்று வைத்துவிட்டேன். நூறில் ஒரு பங்கு. 72 அடி வீடு 22 சென்டிமீட்டருக்குள் அடங்கி ஏ4 தாளில் உட்கார்ந்துவிட்டது.

அடுத்து "டைமென்ஷன் லைன்" என்று ஒரு கோடு. அளவுக்கோடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவருக்கு இழுத்தால், நீளம் எவ்வளவு என்று அதுவே எழுதிவிடுகிறது. அடியில் வேண்டுமா, மீட்டரில் வேண்டுமா, சொன்னால் போதும். நுனியைப் பிடித்துத் தள்ளினால் எண்ணும் மாறுகிறது.

இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பெயின்ட்டில் பாதை ஒரு இடத்தில் இருந்தது, "3 அடி" என்ற எழுத்து வேறு யாரோ சொன்ன வார்த்தையாக அதன் பக்கத்தில் இருந்தது. இரண்டுக்கும் உறவே இல்லை. இங்கே பாதையை இரண்டடியாகக் குறுக்கிவிட்டு, அளவுக்கோட்டை அதற்கு இழுத்தால், படமே "2 அடி" என்று காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழில் அடித்தேன். கொம்பும் காலும் இடம் மாறாமல் வந்தது. நானே வைத்த பரீட்சைப்படி ஒரு நாள் ஆறப்போட்டேன். மறுநாள் மாடிப்படியை வடக்கே தள்ளினேன். தள்ளியது அது மட்டும்தான். பாதை பாதையாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. முதல் நாள் பொறுமை வேண்டும். ஸ்கேல் எங்கே இருக்கிறது என்று தேடவே எனக்கு அரைமணி நேரம் போனது. கோட்டின் தடிமனை மாற்றுவதற்குள் ஒரு டீ ஆறிவிட்டது. பையனிடம் இதைக் காட்டியபோது முகத்தைச் சுளித்தான். "என்ன சித்தப்பா, அந்தக் காலத்து சாஃப்ட்வேர் மாதிரி இருக்கு!" முதல் நாள் மதிப்பெண் போடச் சொன்னால் அவன் பெயின்ட்டுக்கு நூறும் இதற்கு முப்பத்தைந்தும்தான் போடுவான். நானும் அந்த அரைமணி நேரத்தில் எழுந்து போயிருப்பேன், அத்தை குடத்தோடு பக்கவாட்டில் நடப்பது கண் முன்னால் வந்துகொண்டே இல்லாவிட்டால்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படம் சர்வேயர் அளந்து போடும் படத்துக்கு மாற்று கிடையாது. நிலத்தின் எல்லைக்குச் சர்க்காரின் புலப்படம் இருக்கிறது, எஃப்.எம்.பி. என்பார்களே, அது. தமிழ்நாடு அரசின் இணையதளத்திலேயே சர்வே எண் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எல்லைத் தகராறு என்றால் அதைத்தான் பார்க்க வேண்டும், டேப் பிடித்து அளக்க வேண்டும். நான் சொல்வது வீட்டுக்குள் யாருக்கு எது என்று பேசிக்கொள்ளப் போடும் படம். அதை மூன்று பேரும் திறந்து பார்க்க முடிய வேண்டும், ஒருத்தர் சொன்னால் திருத்த முடிய வேண்டும், திருத்தினால் மற்றது கலையக் கூடாது. அவ்வளவுதான்.

அடுத்த தடவை சோழபுரம் போனபோது லேப்டாப்போடு போனேன். பட்டாசாலையில் உட்கார்ந்து மூன்று பேரும் பார்த்தோம். அத்தை இன்னும் இரண்டு திருத்தம் சொன்னாள். அண்ணன் ஒன்று சொன்னார். எல்லாம் அங்கேயே, அவர்கள் கண் முன்னாலேயே மாற்றினேன். பத்திர எழுத்தர் ஸ்கேலை வைத்துப் பாதையை அளந்து பார்த்தார். ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நூறால் பெருக்கி அடியாக்கி, "ம்" என்றார்.

பதிவு முடிந்தது. அத்தைக்கு ஒரு பிரதி பெரிதாகப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரிதான்யா. கிணத்துக்கு வெறும் வட்டம் போட்டிருக்கியே, ராட்டினம் எங்க?"

அன்றைக்கு ராத்திரியே ராட்டினம் போட்டு அனுப்பிவிட்டேன். டாக்குமென்ட்டாக.